மெட்டல் ஆல்பங்களில் பேஸும் டிரம்ஸும் உண்மையில் என்ன செய்கின்றன?

கட்டபெட்டு பேஸ் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கட்டபெட்டில் இருக்கிறேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் ஆரம்பித்திருக்கிறோம். பாட ஒருவன், கிட்டார், டிரம்ஸ், அப்புறம் பேஸ் கிட்டார் நான். எல்லாம் பழைய ஹெவி மெட்டல்தான், பிளாக் சப்பாத், அயர்ன் மெய்டன், ஜூடாஸ் பிரீஸ்ட், கொஞ்சம் மெட்டாலிகா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு பழைய தேயிலைக் குடோனில் கூடுவோம். மேலே தகரக் கூரை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று கூரைக்குத்தான் தெரியும்.

கிட்டாரிஸ்ட் நல்ல கை உள்ளவன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தப் பாட்டு எடுத்தாலும் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "நீ ரூட் நோட்டைப் பிடித்துக்கிட்டு நில்லுடா, பேஸ் யார் காதிலும் விழப்போறதில்லை." (ரூட் நோட் என்றால் கார்டின் அடிப்படை ஸ்வரம்.) டிரம்மர் புதிதாக டபுள் பெடல் (காலால் அடிக்கிற பெரிய கிக் டிரம்மை இரண்டு காலாலும் அடிக்க) வாங்கியிருக்கிறான், வாங்கிய நாளிலிருந்து மெதுவான பாட்டில்கூட அவன் இரண்டு காலும் சும்மா இருப்பதில்லை. இவர்கள் நடுவில் எனக்கு எங்கே இடம் என்று தெரியவில்லை.

நான் கேட்பது இதுதான். இந்தப் பழைய ஆல்பங்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) யாருடையது, பாடகர் யார் என்பதோடு முடிந்துவிடுகிறது. பேஸ் வாசித்தவரும் டிரம்ஸ் வாசித்தவரும் அந்த ஆல்பங்களுக்கு என்ன கொடுத்தார்கள்? "அவர் ஒரு லெஜண்ட்" என்ற மாதிரி பதில் வேண்டாம், அது எனக்குப் பயிற்சிக்கு உதவாது. எந்தப் பாட்டு, எந்த இடம், காதில் எதைப் பிடிக்க வேண்டும் என்று சொன்னால் அந்தந்தப் பாட்டைப் போட்டு உட்கார்ந்து கேட்பேன்.

பெருமாள்மலை எழுதியது:

தம்பி, சப்பாத்திலிருந்தே ஆரம்பி. முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வெளிவந்தது. பதிவு நடந்தது அதற்கு முந்தைய அக்டோபரில், லண்டனில், ஒரே நாளில். ஒருவர் வாசித்ததற்கு மேல் இன்னொருவர் உட்கார்ந்து பூசி மெழுக நேரமே கிடையாது. மேடையில் எப்படி வாசித்தார்களோ கிட்டத்தட்ட அப்படியே டேப்பில் ஏறியிருக்கிறது. அதனால்தான் யார் யாரைப் பார்த்து வாசிக்கிறார்கள் என்பது அந்த ஆல்பத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரியும்.

உன் பேண்ட் மாதிரியே அதிலும் ஒரே ஒரு கிட்டார்தான், இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். டோனி அயோமி சோலோவுக்குப் போனால் கீழே ரிஃப்பைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு கிட்டார் இல்லை. அந்த வேலை கீஸர் பட்லர் தலையில் விழுந்தது. அவர் முதலில் ரிதம் கிட்டார் வாசித்தவர், கிரீம் பேண்டின் ஜாக் புரூஸ் வாசிப்பில் மயங்கி பேஸ் பக்கம் வந்தவர், ரூட் நோட்டோடு அடங்குகிற கை இல்லை அது. ரிஃப் போகிற வழியெல்லாம் கூடவே போவார், ஸ்ட்ரிங்கை இழுத்து வளைப்பார், சோலோ தொடங்கியதும் அடியில் தனியாக ஓர் ஓட்டம் எடுப்பார். 'என்.ஐ.பி.' பாட்டுக்கு முன்னால் வா பெடலோடு (சத்தத்தை 'வா வா' என்று ஆக்குகிற மிதி) பேஸ் மட்டும் தனியாக வருகிற பகுதி எல்லோருக்கும் தெரியும். ஆனால் நீ கேட்க வேண்டியது அதைவிட, அதே பாட்டில் கிட்டார் சோலோ ஓடும்போது அடியில் நடப்பதை. கிட்டாரைக் காதால் ஒதுக்கிவிட்டு பேஸை மட்டும் பிடித்துக்கொண்டே போ.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கவனிப்பதில்லை. அந்தக் காலத்து சப்பாத் பாட்டுகளின் வரிகளில் பெரும்பகுதி கீஸர் எழுதியது. 'வார் பிக்ஸ்' வரிகளும் அவருடையவைதான். ஆஸி ஆஸ்போர்ன் வாயிலிருந்து வருவதால் ஆஸியே எழுதியது என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது.

சரி, டிரம்ஸுக்கு வருகிறேன். பில் வார்டு ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், ஜீன் க்ரூபா என்றால் அவருக்கு உயிர். 'பேரனாய்டு' ஆல்பத்தைப் போட்டு 'வார் பிக்ஸ்' பாட்டில் வரிகள் தொடங்கும் இடத்துக்குப் போ. கிட்டாரும் பேஸும் சேர்ந்து ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஒதுங்கிவிடும். அப்புறம் ஆஸியின் குரல், பக்கத்தில் ஹை-ஹேட் (காலால் திறந்து மூடும் ஜோடி சிம்பல்) மட்டும். வேறு ஒன்றுமே இல்லை. அந்த ஹை-ஹேட் கொஞ்சம் திறந்து கொஞ்சம் மூடி நேரத்தைக் கொண்டுபோகிற விதம் இருக்கிறதே, மெட்ரோனோம் மாதிரி விறைப்பாக இருக்காது, லேசாக ஆடும். அந்த ஆட்டம் போய்விட்டால் பாட்டே போச்சு. முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். மெதுவான ரிஃப், அதற்கு இடையிடையே டாம் டிரம்களில் உருட்டிக்கொண்டே இருக்கிறார், ஒழுங்கான பீட் என்று எதையும் அங்கே பிடிக்க முடியாது. ரிஃப் ஒரு வார்த்தை சொல்ல இவர் பதில் சொல்கிறார். இன்றைக்கு ஒரு ஸ்டூடியோவில் அப்படி வாசித்தால் கிளிக் டிராக்கை (தாளம் காட்டும் டிக் டிக் சத்தத்தை) கேட்டு வாசி என்று நிறுத்திவிடுவார்கள்.

அயோமியின் விரல் கதை உனக்கும் தெரிந்திருக்கும், தகரம் வெட்டும் ஆலையில் வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. ஸ்ட்ரிங் தளர்வாக இருந்தால் அழுத்துவது எளிது என்று பின்னால் டியூனிங்கையே இறக்கினார். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் நிறையப் பாட்டுகள் ஒன்றரை ஸ்டெப் கீழே. கிட்டார் கீழே இறங்கியபோது பேஸும் கூடவே இறங்கியது. அந்த ஆல்பத்தின் கனத்துக்குக் கிட்டாரை மட்டும் புகழ்கிறவர்கள் கீஸரின் தளர்ந்த ஸ்ட்ரிங்குகள் உறுமுவதைக் காதில் வாங்கவில்லை என்றுதான் சொல்வேன்.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் கடைசி நிகழ்ச்சிக்கு நாலு பேரும் வந்தார்கள், பில் வார்டும் வந்தார். அதே மாதம் 22-ஆம் தேதி ஆஸி காலமானார். நடுவில் 2013-இல் வந்த ஆல்பத்தில் பில் வார்டு இல்லை, பிராட் வில்க் வாசித்தார். நல்ல டிரம்மர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேள், எது குறைகிறது என்று உன் காலே சொல்லிவிடும்.

குன்னூர் டபுள்கிக் எழுதியது:

ப்ரோ, நான் டிரம்மர், பேரைப் பார்த்தாலே தெரியும், டபுள் பெடல் பிரியன். அதனால் உங்கள் டிரம்மருக்குத்தான் முதலில் சொல்கிறேன், இதை அவரிடம் அப்படியே காட்டுங்கள்.

மெய்டனின் 'பீஸ் ஆஃப் மைண்ட்' 1983. அதில் முதல் பாட்டு 'வேர் ஈகிள்ஸ் டேர்'. பாட்டு திறப்பதே நிக்கோ மெக்பிரைனின் டிரம் ஃபில்லில்தான், அந்த பேண்டின் ஆல்பத்தில் அவர் அடித்த முதல் அடியே அது. புதிதாக வந்த டிரம்மருக்கு அப்படி ஒரு வாசல் திறந்து கொடுத்திருக்கிறார்கள். பாட்டு முழுக்க கிக் ஓடுகிற வேகத்தைக் கேட்டால் இரண்டு கால் என்றுதான் தோன்றும். கிடையாது, ஒரே பெடல், ஒரே கால், அதுவும் செருப்பில்லாமல் வெறுங்கால். ஒரு காலில் அதை வாசித்துப் பழகச் சொல்லுங்கள், அப்புறம் இரண்டாவது பெடல் எங்கே தேவை என்று தானாகத் தெரியும்.

டபுள் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மோட்டார்ஹெட்டின் 'ஓவர்கில்', 1979. ஃபில் டெய்லர் இரண்டு கிக் டிரம் வைத்துக் காலைப் பழக்கிக்கொண்டிருந்தார், மற்ற இருவரும் அதற்கு மேலேயே வாசிக்க ஆரம்பித்துப் பிறந்த பாட்டு அது. பாட்டே டிரம்மிலிருந்து வந்திருக்கிறது! அதில் டபுள் ஓடாத இடமே கிட்டத்தட்டக் கிடையாது, அங்கே அது பொருத்தம், ஏனென்றால் பாட்டின் எண்ணமே அதுதான். 'பெயின்கில்லர்' 1990, ஸ்காட் டிராவிஸ் பிரீஸ்ட்டுக்கு வந்து வாசித்த முதல் ஆல்பம், முதல் பாட்டின் டிரம் ஆரம்பத்திலேயே ஆல்பம் எப்படி இருக்கப்போகிறது என்று சொல்லிவிடுகிறார். அதற்கு முந்தைய ஆல்பத்தையும் இதையும் சேர்த்துக் கேட்டால் அதே ஆட்கள்தானா என்று இருக்கும். டிரம்மர் ஒருவர் மாறினால் இருபது வருட பேண்ட்கூட வேறு முகம் காட்டும்.

இப்போது ஸ்லேயர். 'ரெயின் இன் பிளட்' 1986, பத்துப் பாட்டும் சேர்த்து அரை மணி நேரம்கூட வராது. டேவ் லொம்பார்டோ என்றாலே எல்லோரும் டபுள் பேஸ் (இரண்டு கால் கிக்) என்பார்கள். 'ஏஞ்சல் ஆஃப் டெத்' கேளுங்கள். பாட்டின் பெரும்பகுதியில் வேலை செய்வது ஸ்னேர் டிரம்மும் கையும். கடைசியை நெருங்கும்போது எல்லாம் நின்று, கிக் மட்டும் சில நொடி தனியாக உருள்கிறது. அந்தச் சில நொடிக்காக ரத்தம் கொதிக்கும். பாட்டு முழுக்க டபுளை ஓட்டியிருந்தால் அந்த இடம் வந்ததே தெரிந்திருக்காது. உங்கள் டிரம்மர் சப்பாத் பாட்டில் இரண்டு காலையும் ஓட்டுகிறார் என்றால் பில் வார்டு காலியாக விட்ட இடத்தையெல்லாம் மண் போட்டு மூடுகிறார் என்று அர்த்தம்.

கிளைவ் பர் பற்றியும் ஒரு வார்த்தை. மெய்டனின் முதல் மூன்று ஆல்பம் அவர்தான், 1982-இல் வந்த 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' வரை. 'ரன் டு தி ஹில்ஸ்' ஆரம்பத்தில் தனியாக வருகிற அடி அவருடையது. நிக்கோ நிறைய வாசிப்பார், பர் குறைவாக வாசித்து முன்னால் தள்ளுவார். எனக்கு நிக்கோ பிடிக்கும், ஆனால் அந்த மூன்று ஆல்பத்தில் இருக்கிற அவசரம் பிறகு வரவில்லை, இது என் கருத்து. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

பேஸ் பற்றி எனக்குத் தெரிந்தது மெய்டன் பேஸ்காரர் ஸ்டீவ் ஹாரிஸின் குதிரை ஓட்டம்தான். தா-தக, தா-தக என்று ஒரு நீளம் இரண்டு குட்டை. 2007 மார்ச்சில் மெய்டன் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தபோது கூடலூர், மைசூர் வழியாக பஸ் பிடித்துப் போனோம். பிக் கிடையாது, இரண்டு விரல், ஒரு காலை முன்னால் மானிட்டர் மேல் தூக்கி வைத்துக்கொண்டு பேஸைக் கூட்டத்தைப் பார்த்து நீட்டிப் பிடித்து வாசிக்கிறார். அந்த இரண்டு விரல் பாட்டுக்குப் பாட்டு நிற்கவே இல்லை. நிக்கோ டிரம் செட்டுக்குப் பின்னால் ஆளே தெரியவில்லை, ஆனால் கிக்கும் பேஸும் ஒரே அடியாக நெஞ்சில் வந்து விழுந்தது. அன்றைக்கு நான் கிட்டாரை எவ்வளவு கேட்டேன் என்று ஞாபகமே இல்லை.

லவ்டேல் 4 ஸ்ட்ரிங் எழுதியது:

ரூட் நோட் பிடிப்பதைக் கீழான வேலை மாதிரி யாரும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இயன் ஹில் ஜூடாஸ் பிரீஸ்ட்டில் ஆரம்ப காலத்திலிருந்து இன்று வரை இடைவெளி இல்லாமல் இருக்கும் ஒரே ஆள். பாடகர் போய்த் திரும்பி வந்தார், கிட்டாரிஸ்ட் விலகினார், டிரம்மர்கள் எத்தனையோ பேர் மாறினார்கள். அவர் நின்ற இடத்தில் நிற்கிறார். 'பிரிட்டிஷ் ஸ்டீல்' 1980 ஆல்பத்தில் அவர் வாசிப்பது பெரும்பாலும் நேரான எட்டாம் நோட்டுகள்தான். ஏன் அப்படி? மேலே கிளென் டிப்டன், கே.கே. டவுனிங் என்று இரண்டு கிட்டார். இரண்டு பேரும் ஹார்மனியில் பறக்கும்போது கீழே மூன்றாவதாக ஒருவர் ஓட ஆரம்பித்தால் பாட்டு குழம்பிப் போகும். அவர் வாசிக்காமல் விட்டதை எண்ணிப் பார்த்தால்தான் அவர் கொடுத்தது புரியும்.

அதனால் என் பதில், முதலில் உங்கள் பேண்டில் கிட்டார் எத்தனை என்று பாருங்கள். ஒன்றுதான் இருக்கிறது, பெருமாள்மலை அண்ணாவும் இதைத் தொட்டிருக்கிறார். ஒரே கிட்டார் உள்ள பேண்டில் பேஸ் மேலே ஏறி வர வேண்டும். மோட்டார்ஹெட் பேஸ்காரர் லெம்மியும் முதலில் கிட்டார் வாசித்தவர்தான். ரிக்கன்பேக்கர் பேஸை மார்ஷல் ஆம்பில் சொருகி, மிட்டை (நடுச்சத்தத்தை) ஏற்றி, பிக்கால் கார்டு கார்டாக அடித்தார். மூன்று பேர் வாசித்த மோட்டார்ஹெட்டில் இரண்டாவது கிட்டார் இல்லையே என்று யாராவது வருத்தப்பட்டதுண்டா? உங்கள் கிட்டாரிஸ்ட் சொல்வது பிரீஸ்ட் பாட்டுக்குச் சரி, சப்பாத் பாட்டுக்குத் தவறு. மெய்டன் மட்டும் தனி வழி, அங்கே இரண்டு கிட்டார் இருந்தும் பேஸ் அடங்காது, ஏனென்றால் பேண்டை ஆரம்பித்தவரும் பாதிக்கு மேல் பாட்டு எழுதியவரும் பேஸ்காரர்.

சப்பாத்தின் 'ஹெவன் அண்ட் ஹெல்' 1980 தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். பெரிய ரிஃப் முடிந்து, ஆஸிக்குப் பிறகு வந்த ரானி ஜேம்ஸ் டியோ பாட ஆரம்பிக்கும்போது கிட்டார் பின்னால் போய்விடும். அதற்கப்புறம் பாட்டை நடத்துவது பேஸ், ஒரே நோட்டைத் தட்டித் தட்டி. ரூட் நோட்தான், பாருங்கள். கீஸரே ஓட வேண்டிய இடத்தில் ஓடி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறார்.

மெட்டாலிகா பேஸ்காரர் கிளிஃப் பர்ட்டனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 'ரைட் தி லைட்னிங்' 1984, 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்'. மணி அடித்த பிறகு மேலே இழுத்துக்கொண்டு ஒன்று வருகிறதே, அதைக் கிட்டார் என்றே வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அது டிஸ்டார்ஷன் போட்ட பேஸ். 1986-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தில் 'ஓரியன்', பாடல் வரியே இல்லாத இசை. நடுவில் எல்லாம் அடங்கி பேஸ் மட்டும் மெதுவாக ஒரு வரியைத் தொடங்கும், அதன்மேல் கிட்டார்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். ஆல்பம் வந்த அதே வருடம் செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் பேண்டின் பஸ் கவிழ்ந்து இறந்தார், வயது 24.

மூஞ்சிக்கல் மிக்ஸர் எழுதியது:

கொடைக்கானலில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறோம், சர்ச் திருவிழாவிலிருந்து கல்யாணம் வரை மிக்ஸரில் உட்காருவது நான்தான். "பேஸ் யார் காதிலும் விழாது" என்று உங்கள் நண்பர் சொன்னதற்காகவே எழுதுகிறேன் தம்பி.

முதலில், போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு பேஸ் இல்லை என்று சொல்லக்கூடாது. பேஸின் தடித்த ஈ ஸ்ட்ரிங் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், கிட்டாரின் தடித்த ஈ ஏறத்தாழ 82. போனில் இருக்கிற சின்ன ஸ்பீக்கர் இந்த இரண்டையுமே உருப்படியாகக் கொடுக்காது. நல்ல இயர்போன் போட்டுக் கேளுங்கள். நம் ஆட்களுக்கு பேஸ் கேட்கத் தெரியாது என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இளையராஜா பாட்டில் பாடகர் வரியோடு பேஸ் லைனையும் சேர்த்து முணுமுணுக்கிற ஜனம் இது.

பேஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் மெட்டாலிகாவின் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்', 1988. கிளிஃபுக்குப் பிறகு வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்த முதல் முழு ஆல்பம். பாட்டுகள் அருமை, கிட்டார் இறுக்கம், ஆனால் பேஸைத் தேடிப் பிடிக்க வேண்டும். மிக்ஸ் செய்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் தாம்சன், பேஸைக் குறைக்கச் சொன்னது டிரம்மர் லார்ஸ் உல்ரிக் என்று பிறகு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பேஸும் கிட்டார் வரியையே ஒட்டி வாசிப்பதால், கிட்டாரில் கீழ்ச்சத்தம் ஏற்கெனவே ஏறியிருந்த இடத்தில் அது முங்கிப் போனது. ரசிகர்கள் பேஸை ஏற்றித் தாங்களே மிக்ஸ் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதே பாட்டை இரண்டு விதத்திலும் கேளுங்கள். கிக் டிரம்மின் 'டப்' என்ற சத்தத்துக்கு உடம்பு வருவதே பேஸால்தான் என்று அங்கே தெரியும். 1991-இல் பாப் ராக் தயாரித்த கறுப்பு ஆல்பத்தில் பேஸ் திரும்பி வந்தது, அந்த ஆல்பம் அவ்வளவு பெரிதாகக் கேட்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இதைவிட மனசை வருத்துகிற கதை ஆஸியின் தனி ஆல்பங்கள். 'பிளிஸர்ட் ஆஃப் ஆஸ்', 'டைரி ஆஃப் எ மேட்மேன்' இரண்டிலும் பேஸ் பாப் டெய்ஸ்லி, டிரம்ஸ் லீ கெர்ஸ்லேக். வரிகளில் பெரும்பாலானவை டெய்ஸ்லி எழுதியவை. இரண்டாவது ஆல்பம் 1981-இல் வெளிவந்தபோது உறையில் அவர்கள் பெயரே இல்லை, அடுத்து பேண்டுக்கு வந்த ரூடி சார்ஸோ, டாமி ஆல்ட்ரிட்ஜ் பெயர்கள்தான் இருந்தன. பிறகு ராயல்டி வழக்கு. 2002-இல் இரண்டு ஆல்பங்களையும் மறுபடி வெளியிட்டபோது அவர்கள் வாசித்ததையே எடுத்துவிட்டு, ராபர்ட் ட்ருஹியோவையும் மைக் போர்டினையும் வைத்து புதிதாகப் பதிவு செய்து ஒட்டினார்கள். கிட்டார் அதே ராண்டி ரோட்ஸ், குரல் அதே ஆஸி. ரசிகர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள், கடுமையாக எதிர்த்தார்கள். 2011-இல் பழைய பதிவையே திரும்ப வெளியிட வேண்டியதாயிற்று. யாருக்கும் கேட்காது என்றால் இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது? உங்கள் கிட்டாரிஸ்டிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் குடோனுக்கு: தகரக் கூரைக்குக் கீழே எல்லாரும் வால்யூமை ஏற்றினால் யாருக்கும் எதுவும் கேட்காது. கிட்டார் ஆம்பில் பேஸ் (கீழ்ச்சத்தம்) குமிழை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள், தனியாகக் கேட்டால் மெலிந்த மாதிரி இருக்கும், சேர்ந்து வாசிக்கும்போது சரியாக இருக்கும். நீங்கள் உங்கள் ஆம்பில் லோவை ஏற்றாமல் மிட்டை ஏற்றுங்கள், 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம். ஆம்பை மூலையில் வைக்காதீர்கள், மூலை கீழ்ச்சத்தத்தைக் குமியவைத்து அறை முழுக்க 'ம்ம்ம்' என்று ஆக்கிவிடும். கூரையில் நாலு பழைய ஜமுக்காளம் கட்டித் தொங்கவிட்டாலே சிம்பல் சத்தம் பாதி அடங்கும்.

கட்டபெட்டு பேஸ் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சப்பாத் முதல் ஆல்பத்தையும் ஜஸ்டிஸ் ஆல்பத்தின் பேஸ் ஏற்றிய மிக்ஸையும் நேற்று ராத்திரியே கேட்டேன். 'என்.ஐ.பி.' சோலோவுக்கு அடியில் கீஸர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் கொஞ்சம் மாற்றுகிறார், அந்த மாற்றத்தோடு பில் வார்டும் ஸ்னேரை மாற்றி அடிக்கிறார். இது எனக்கு இத்தனை நாளும் கேட்கவே இல்லை. கிட்டாரிஸ்டுக்கு ஆஸி ஆல்பக் கதையை அனுப்பினேன், "சரி, சப்பாத் பாட்டில் நீ உன் இஷ்டத்துக்கு வாசி, பிரீஸ்ட்டில் நான் சொல்வதைக் கேள்" என்று பதில் வந்திருக்கிறது. அதுவே பெரிய விஷயம். டிரம்மர் இந்த வாரம் இடது பெடலைக் கழற்றி வைத்துவிட்டு 'வேர் ஈகிள்ஸ் டேர்' முயற்சி செய்கிறேன் என்கிறான்.

இரண்டு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. ஸ்டீவ் ஹாரிஸ் போடுகிற ஃபிளாட்வூண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங் எனக்குத் தேவையா? இங்கே ஈரத்தில் என் ஸ்ட்ரிங் சீக்கிரமே கறுத்துச் சத்தம் மங்கிவிடுகிறது, நெக்கும் வளைகிறது. டிரம் ஸ்கின்னும் ஈரத்தில் தளருமா?

குன்னூர் டபுள்கிக் எழுதியது:

டிரம் பற்றி நான் சொல்கிறேன். இப்போதைய ஸ்கின் பிளாஸ்டிக்தான், பறைத்தோல் மாதிரி ஈரத்தில் தொய்யாது. இங்கே பறை அடிப்பவர்கள் வாசிக்கும் முன் தீயில் காட்டிச் சூடேற்றித்தான் எடுப்பார்கள், நமக்கு அது தேவையில்லை. ஆனால் வாசிக்க வாசிக்க ஸ்கின்னை இறுக்கும் லக் திருகுகள் தளரும், ஒவ்வொரு வாரமும் சாவியால் எதிரெதிர் திருகாகப் பார்த்து இறுக்கச் சொல்லுங்கள். செட்டை நேராக சிமெண்ட் தரையில் வைக்காமல் கீழே தடிமனான கார்ப்பெட் போடுங்கள். கிக் முன்னால் நகராது.

லவ்டேல் 4 ஸ்ட்ரிங் எழுதியது:

ஃபிளாட்வூண்ட் இப்போதைக்கு வேண்டாம். விலையும் அதிகம், கோவையில்கூடப் பெரும்பாலும் ஆர்டர் கொடுத்துத்தான் வர வேண்டும். ஹாரிஸ் சத்தத்தில் பாதி அவர் விரல் ஸ்ட்ரிங்கில் அடிக்கிற அடி, அது சாதாரண ரவுண்ட்வூண்டிலும் (உருண்டைக் கம்பி சுற்றியது) வரும். கோட்டிங் உள்ள ஸ்ட்ரிங் வாங்குங்கள், நம் ஊர் ஈரத்துக்கு அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் அடிப்பக்கம் சேர்த்துத் துடையுங்கள், பேஸைக் குடோனில் விட்டுவிட்டு வராதீர்கள், பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். நெக் வளைந்தால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் இருக்கும் உலோகக் கம்பி) கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருகாதீர்கள், திருகிவிட்டு மறுநாள் பார்த்துத்தான் அடுத்த கால் சுற்று.

அப்புறம் பிரீஸ்ட் பாட்டு என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. 1978-இல் வந்த 'ஸ்டெய்ன்ட் கிளாஸ்' ஆல்பத்தில் 'பியாண்ட் தி ரெல்ம்ஸ் ஆஃப் டெத்' பாட்டை எழுதியவர்கள் என்று போட்டிருப்பது பாடகர் ராப் ஹால்ஃபோர்டையும் லெஸ் பிங்க்ஸையும். லெஸ் பிங்க்ஸ் அந்த ஆல்பத்தின் டிரம்மர். உங்கள் கிட்டாரிஸ்ட் பிரீஸ்ட் பாட்டில் தான் சொல்வதைக் கேட்கச் சொன்னாரல்லவா, அந்தப் பாட்டில் டிரம்மர் பேச்சையும் கொஞ்சம் கேட்கச் சொல்லுங்கள்.